கடைமடைச் சிலிண்டர்கள்

இயந்திரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆலைகளின் வரலாற்றை எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்த ஆண்டில் எந்த நிறுவனம் எந்த மாதிரியை வெளியிட்டது என்ற பட்டியல், அரசர்களின் மெய்க்கீர்த்தியைப் போல நீண்டுகொண்டே போகும். ஆனால் ஆலையின் வாசலைத் தாண்டிய இயந்திரத்துக்கு அதன் பின்னரும் நெடிய ஆயுள் உண்டு. வாங்கியவன் அதைத் திறந்து பார்க்கிறான், குறை காண்கிறான், கைக்கு எட்டியதை மாற்றுகிறான். அம்மாற்றங்களைப் பொறித்து வைக்கக் கல்வெட்டு எதுவும் இல்லை. அத்தகைய மாற்றம் ஒன்றின் கதையை இக்கட்டுரையில் காண்போம். 1941-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரிய லாரிகளுக்கென வந்த செவ்ரொலே நிறுவனத்தின் 235 கன அங்குலப் பெட்ரோல் எஞ்சினும், அதன் பக்கவாட்டில் திருகி வைக்கப்பட்டிருந்த இன்டேக் மேனிஃபோல்டு, கார்புரேட்டர் என்னும் இரண்டு உறுப்புகளுமே இக்கதையின் பாத்திரங்கள்.

கார்புரேட்டர் நம் வாசகர்களுக்குப் புதிய பொருளன்று. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 என்னும் மாசு நெறிமுறை நடைமுறைக்கு வரும்வரை, நம் தெருக்களில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில் மிகப் பல கார்புரேட்டர் கொண்டவையே. வண்டி திணறி நின்றால் மெக்கானிக் அதைக் கழற்றி, ஜெட்டை வாயருகே வைத்து ஊதி, மீண்டும் பூட்டித் தருவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சிலிண்டர், ஒரே கார்புரேட்டர். அங்கே பங்குத் தகராறு எழ வழியில்லை. ஆறு சிலிண்டர்கள் வரிசையாக நின்று ஒரே கார்புரேட்டரை நம்பியிருக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குச் செல்லும் கிளைக்குழாய்க்கு இன்டேக் மேனிஃபோல்டு என்று பெயர். காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கார்புரேட்டர் மதகு, மேனிஃபோல்டு வாய்க்கால், சிலிண்டர்கள் வயல்கள். மதகுக்கு அருகே இருப்பவை தலைமடை வயல்கள். முனைகளில் இருப்பவை கடைமடை. மதகில் எவ்வளவு நீர் திறந்துவிட்டாலும் கடைமடைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதே கேள்வி. அமெரிக்க லாரி எஞ்சினின் கதையும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

காற்றும் துளியும்

குழாய் குறுகும் இடத்தில் ஓட்டத்தின் வேகம் கூடும், அழுத்தம் குறையும் என்பதை இத்தாலிய அறிஞர் ஜியோவான்னி பத்திஸ்தா வென்சூரி 1797-இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். அவர் ஆராய்ந்தது நீரோட்டத்தை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 1893-இல், ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கிய தூவும் கார்புரேட்டர் அந்தக் கருத்தின் மீதே நின்றது. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாகப் பாய்கிறது. அங்கே அழுத்தம் தாழ்கிறது. பக்கத்துக் கிண்ணத்தில் மிதவையால் ஒரே மட்டத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் பெட்ரோல், ஜெட் என்னும் நுண்துளை வழியே மேலேறிக் காற்றில் சிதறுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், குறைந்தால் குறையும்.

அளவு இங்கே முக்கியம். பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று. பெட்ரோல் எஞ்சின் உண்பது பெரும்பாலும் காற்றையே. பெட்ரோல் அதற்குத் தொட்டுக்கொள்ள மட்டும். ஆகவே எஞ்சினின் வலிமையைக் கூட்ட விரும்புகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எவ்வளவு காற்றை இழுக்க முடிகிறது என்பதே.

ஆனால் மேனிஃபோல்டுக்குள் ஓடுவது வெறும் காற்றன்று. சிறு துளிகளாகவும், சுவரில் படிந்த மெல்லிய ஈரப்படலமாகவும், கொஞ்சம் ஆவியாகவும் பெட்ரோல் அதனோடு செல்கிறது. காற்று எடை குறைந்தது. எந்த வளைவிலும் எளிதாகத் திரும்பிவிடும். துளி கனமானது; வளைவில் திரும்ப மாட்டாமல் நேரே போய்ச் சுவரில் மோதும். எனவே ஒரே வாய்க்காலில் காற்று ஒரு கணக்கிலும் பெட்ரோல் வேறொரு கணக்கிலும் பங்கிடப்படுகின்றன. ஒரு வேகத்தில் முனைச் சிலிண்டர்கள் பெட்ரோலின்றி வறள்கின்றன. இன்னொரு வேகத்தில் அதே சிலிண்டர்கள் பெட்ரோலில் மூழ்குகின்றன. கடைமடை விவசாயிக்கு வறட்சியும் வெள்ளமும் ஒரே ஆண்டில் வருவதைப் போன்றது இது. பழைய மெக்கானிக்குகள் இதைக் கருவியின்றியே அறிந்தார்கள். ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைப்பார்கள். கரி படிந்த பிளக், பெட்ரோல் மிகுதியானதைச் சொல்லும். வெளுத்த பிளக், பற்றாததைச் சொல்லும். ஒரே எஞ்சினின் ஆறு பிளக்குகளும் ஒரே நிறத்தில் இருந்தால் அது அபூர்வம்.

ஆறுக்கு மூன்று வாசல்

செவ்ரொலே தன் வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினை 1929-ஆம் ஆண்டு மாதிரிகளுக்கென அறிமுகப்படுத்தியது. அதன் கொள்ளளவு 194 கன அங்குலம். நான்கு சிலிண்டர் காரின் விலைக்கே ஆறு சிலிண்டர் தருகிறோம் என்பது விளம்பரம். வார்ப்பிரும்புப் பிஸ்டன்களும் விறகடுப்பில் காணப்படும் திருகாணிகளை ஒத்த திருகாணிகளும் கொண்டிருந்ததால், ‘ஸ்டோவ்போல்ட்’, அதாவது அடுப்புத் திருகாணி, என்று மக்கள் கேலியும் அன்பும் கலந்து அதை அழைத்தார்கள். 1937-இல் அதன் அடுத்த தலைமுறை 216 கன அங்குலமாக வளர்ந்தது. 1941-இல் பெரிய லாரிகளுக்காக 235 கன அங்குல எஞ்சின் வந்தது. மெதுவாகச் சுழன்று, சலிக்காமல் பாரம் இழுப்பதே அதற்கு இடப்பட்ட பணி.

இந்த எஞ்சினின் தலைப்பகுதியில் ஆறு சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் காற்று நுழைய மூன்றே வாசல்கள் இருந்தன. ஒன்றாம் சிலிண்டரும் இரண்டாம் சிலிண்டரும் ஒரு வாசலைப் பகிர்ந்தன. மூன்றும் நான்கும் நடு வாசலை. ஐந்தும் ஆறும் கடைசி வாசலை. மூன்று வாசல்களுக்கும் பொதுவாக நடுவில் ஒற்றைத் தொண்டைக் கார்புரேட்டர் ஒன்று. பார்வைக்கு இது ஒழுங்கான அமைப்பு. நடு வாசல் அருகில் இருக்கிறது. முனை வாசல்கள் இரண்டும் சம தூரத்தில் இருக்கின்றன.

ஆனால் தூரம் மட்டுமே கணக்கு அன்று, காலமும் உண்டு. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரிகின்றன. ஒரு முழுச் சுழற்சிக்கு கிராங்க் தண்டு இரு சுற்று, அதாவது 720 பாகை சுழல வேண்டும். ஆகவே ஒவ்வொரு 120 பாகைக்கும் ஒரு சிலிண்டரின் முறை வரும். இதன்படி நடு வாசலைப் பகிரும் மூன்றும் நான்கும் சரியாக 360 பாகைக்கு ஒரு முறை மாறி மாறி இழுக்கின்றன. இருவருக்கும் சமமான ஓய்வு. முனைகளில் அவ்வாறில்லை. ஐந்து இழுக்கத் தொடங்கிய 240 பாகையில் ஆறு இழுக்கத் தொடங்கிவிடும். பின்னர் 480 பாகை நீளும் இடைவெளி. மறுமுனையில் இரண்டுக்குப் பின் ஒன்று அவ்வாறே தொடர்கிறது. முந்தியவனின் வால்வு மூடும் தருவாயில் பிந்தியவனின் வால்வு திறக்கிறது; ஒரே வாசலில் இருவரும் முட்டிக்கொள்கிறார்கள். பந்தியில் ஒரே இலையில் இருவர் அமர்ந்தால் என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடக்கிறது.

ஆலையின் நியாயம்

இவ்வளவு குறைகளை ஆலை ஏன் சகித்தது? அதன் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். லாரி எஞ்சின் பெரும்பாலும் குறைந்த வேகத்தில், மிகுந்த பாரத்தோடு சுழல்கிறது. அப்போது காற்றோட்டம் மெதுவாக இருக்கும். மெதுவான காற்று பெட்ரோல் துளிகளைத் தாங்கிச் செல்லாது. துளிகள் வழியிலேயே விழுந்து குட்டைபோலத் தேங்கும். எனவே தொண்டை குறுகியிருக்க வேண்டும். குழாயும் ஒடுங்கியிருக்க வேண்டும். குறுகிய வழியில் மெதுவான எஞ்சினும் வேகமான காற்றைப் பெறும். உயர்வேகத்தில் மூச்சு முட்டும்தான்; ஆனால் லாரிக்காரன் உயர்வேகத்துக்கு ஆசைப்படுவதில்லை என்பது ஆலையின் கணிப்பு.

இன்னொரு நியாயம் வெப்பம். இன்டேக் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், கார்புரேட்டருக்கு நேர் கீழே ஒன்றோடொன்று திருகப்பட்டிருந்தன. சுருள்வில் ஒன்றால் இயங்கும் மடல், குளிர்ந்த நேரத்தில் சூடான புகையை இன்டேக்கின் அடிப்பகுதிக்குத் திருப்பிவிடும். அங்கே விழும் துளிகள் ஆவியாகும். மலிவான பெட்ரோலிலும் பனிக்காலத்திலும் லாரி தடையின்றிக் கிளம்புவதற்கு இந்த ஏற்பாடு உதவியது. சூடான காற்று விரிவடைவதால் சிலிண்டருக்குள் குறைவாகவே நிறையும். வலிமை கொஞ்சம் குறையும். அந்த இழப்பைத் தெரிந்தே ஆலை ஏற்றுக்கொண்டது. விலை, சிக்கனம், எவர் கையிலும் கெடாமை என்ற மூன்றையும் எடை போட்டு எடுக்கப்பட்ட முடிவு அது.

வறண்ட ஏரியின் பிள்ளைகள்

அந்த முடிவை ஏற்க மறுத்தவர்கள் தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள். 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில் பழைய கார்கள் மலிவாகக் கிடைத்தன. லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வடக்கே பாலைநிலத்தில், மியூராக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகள் மைல் கணக்கில் தட்டையாகக் கிடந்தன. அங்கே வேகத்தை அளந்து போட்டியிட்ட குழுக்கள் 1937-இல் ஒரு சங்கமாகவும் திரண்டன. இவர்களில் பலர் பட்டறை வேலையாட்கள். பணம் இருந்தால் பெரிய எஞ்சின் வாங்கியிருப்பார்கள். இல்லாததால் இருக்கும் எஞ்சினைத் திறந்தார்கள். பிஸ்டனை மாற்றுவதற்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டும் கார்புரேட்டருமோ வெளியே இருப்பவை. சில திருகாணிகளைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். ஏழையின் பரிசோதனை அங்கே தொடங்கியதில் வியப்பில்லை.

கான்சாஸ் மாநிலத்தில் 1913-இல் பிறந்து, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, 1931-இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த விக் எடல்பிராக் என்ற மெக்கானிக் 1938-இல் 1932-ஆம் ஆண்டு மாதிரி ஃபோர்டு கார் ஒன்றை வாங்கினார். அதன் வி-8 எஞ்சினுக்கு டாமி திக்ஸ்டன் என்பவருடன் சேர்ந்து உழைத்த பின், இரண்டு கார்புரேட்டர்களைத் தாங்கும் மேனிஃபோல்டு ஒன்றைத் தாமே வடிவமைத்து வார்த்தார். ‘ஸ்லிங்ஷாட்’, அதாவது கவண், என்று அதற்குப் பெயர். சுமார் நூறு மட்டுமே விற்றன. 1941-இல் அவருடைய கார் ஏரிப்படுகையில் மணிக்கு 121 மைல் வேகத்தைத் தாண்டியது. 1946-இல் அவர் தம் முதல் விலைப்பட்டியலை அச்சிட்டார்.

ஃபோர்டு வி-8-ஐச் சுற்றியே அக்காலத்து இளைஞர்களில் பெரும்பாலோர் திரண்டிருந்தாலும், செவ்ரொலே ஆறு சிலிண்டர்க்காரர்கள் என்றொரு சிறுபான்மையும் இருந்தது. லாரிகளோடு வளர்ந்தவர்கள் இவர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு ஜி.எம்.சி. நிறுவனம் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இரண்டரை டன் லாரிகளைக் கட்டித் தந்தது. அவற்றில் இருந்த 270 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், செவ்ரொலேயின் உறவினன். போருக்குப் பின் அதுவும் இவர்கள் கைக்கு வந்தது. எட்மண்ட்ஸ், நிக்சன், ஃபென்ட்டன், ஆஃபன்ஹவுசர் முதலிய பெயர்களில் அலுமினிய மேனிஃபோல்டுகள் சந்தைக்கு வந்தன. ஒன்றுக்குப் பதில் இரண்டு அல்லது மூன்று கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு வாசலுக்கு அருகே. பாசன மொழியில் சொன்னால், கடைமடைக்குத் தனி மதகு.

மாற்றியவர்கள் உடனே ஒரு பாடம் படித்தார்கள். ஒரு தடையை நீக்கினால் அதன் பின்னால் மறைந்திருந்த தடை வெளிப்படும். அலுமினிய மேனிஃபோல்டையும், இரண்டாகப் பிரித்த எக்ஸாஸ்ட்டையும் பூட்டியபோது பழைய சூடேற்றும் அமைப்பு போயிற்று. விளைவாக, குளிர்ந்த ஈரக்காற்றுள்ள காலைகளில் கார்புரேட்டரின் தொண்டையில் பனி உறைந்தது. எஞ்சின் இருமி நின்றது. ஆலை வைத்திருந்த மடலின் பொருள் அப்போதுதான் விளங்கியது. சிலர் ரேடியேட்டரின் வெந்நீரைக் குழாய் வழியே மேனிஃபோல்டின் அடிக்குக் கொண்டுவந்து அக்குறையைத் தீர்த்தார்கள்.

அடுத்தது அளவின் பாடம். நான்கு வீச்சு எஞ்சின் இரு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுமையாக மூச்சு இழுக்கும். 235 கன அங்குல எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினாலும், கணக்குப்படி நிமிடத்துக்கு 272 கன அடி காற்றே அதற்குப் போதும். எந்தச் சிலிண்டரும் முழுக்க நிறைவதில்லை. எண்பது விழுக்காடு என்று கொண்டால் 218 கன அடி. இதற்கு 600 கன அடி விடும் பெரிய கார்புரேட்டரைப் பொருத்தினால், தொண்டையில் காற்று சோம்பும். பெட்ரோலை இழுக்கும் அளவுக்கு அழுத்தம் தாழாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் வண்டி பாய்வதற்குப் பதில் திணறும். பெரிய வாய் இருந்தால் பசி கூடிவிடாது என்பதை ஒவ்வொரு தலைமுறையும் காசு கொடுத்துத்தான் கற்றது.

மூன்றாவது பாடமே ஆழமானது. மூன்று கார்புரேட்டர்கள் வைத்தாலும் வாசல்கள் மூன்றுதானே? ஒன்றும் இரண்டும், ஐந்தும் ஆறும் அதே வாசலில்தான் முட்டிக்கொண்டன. இதை உணர்ந்த வேய்ன் ஹார்னிங் 1940-களின் பிற்பகுதியில் செவ்ரொலேக்குப் புதிய தலைப்பகுதியையே வார்த்தார். காற்று நுழைய ஆறு வாசல், புகை வெளியேற ஆறு வாசல், ஆகப் பன்னிரண்டு. மேனிஃபோல்டில் தொடங்கிய கேள்வி எஞ்சினின் தலைக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆலை கற்றுக்கொண்டது

1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் நடந்த கண்காட்சியில் கார்வெட் என்ற வெண்ணிறத் திறந்த காரை செவ்ரொலே காட்சிக்கு வைத்தது. கண்ணாடி இழையால் ஆன உடல்; காண்போர் மயங்கும் வடிவம். அதன் முன்மூடியைத் திறந்தால் உள்ளே இருந்தது நம் லாரி எஞ்சினின் வாரிசுதான். லாரிக்காக 1941-இல் பிறந்த 235 கன அங்குல எஞ்சின், இடையில் குடும்பக் கார்களுக்கும் போய், பிஸ்டனும் எண்ணெய் ஓட்டமும் செம்மை பெற்று, இங்கே வந்து சேர்ந்திருந்தது. குடும்பக் காரில் 115 குதிரைத்திறன் தந்த அது, கார்வெட்டில் 150 தந்தது.

வேறுபாட்டின் கண்கூடான பகுதி பக்கவாட்டில் இருந்தது. அலுமினிய மேனிஃபோல்டு ஒன்றும், அதில் படுக்கைவாட்டாகப் பொருத்திய மூன்று கார்ட்டர் கார்புரேட்டர்களும். தாழ்ந்த முன்மூடிக்குள் செங்குத்தான கார்புரேட்டருக்கு இடமில்லாததால் இந்தப் படுக்கை அமைப்பு. கேம் தண்டு, வால்வுச் சுருள்கள், அழுத்த விகிதம் ஆகியவையும் மாற்றப்பட்டிருந்தன; ஆகவே கூடிய 35 குதிரைத்திறனுக்கும் மேனிஃபோல்டே காரணம் என்று சொல்ல இயலாது. ஆயினும் பட்டறை இளைஞர்கள் பதினைந்து ஆண்டுகளாகச் செய்துவந்ததை ஆலை அப்போது தன் கையால் செய்தது. முதல் ஆண்டில் 300 கார்வெட்டுகள் மட்டுமே கட்டப்பட்டன.

அக்கண்காட்சிக்கு வந்தவர்களில் ஒருவர் சோரா ஆர்க்கஸ்-டன்டோவ். 1909-இல் பிரஸ்ஸல்ஸில் ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிறந்து, ரஷ்யப் புரட்சிக்கு நடுவே வளர்ந்து, பெர்லினில் பொறியியல் பயின்று, நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்தவர். லாரி எஞ்சினுக்கும் அவருக்கும் முன்பே தொடர்பு உண்டு. ஃபோர்டு லாரிகளின் வி-8 எஞ்சின் கடும் பாரத்தில் அளவுக்கு மீறிச் சூடேறியது. அதைத் தீர்க்க, 1947-ஐ ஒட்டித் தம் தம்பி யூராவுடன் சேர்ந்து, வால்வுகளை மேலே கொண்ட புதிய தலைப்பகுதியை அவர் உருவாக்கினார். ஆர்க்கஸ்-டன்டோவ் என்ற பெயரைச் சுருக்கி ‘ஆர்டன்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். லாரிக்காரர்களைவிடப் பந்தயக்காரர்களே அதைத் தேடி வாங்கினார்கள்.

கார்வெட்டைக் கண்டு கவரப்பட்ட டன்டோவ் 1953 மே மாதத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் தம் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். பழைய எஞ்சின்களை மாற்றியமைக்கும் இளைஞர்கள் ஃபோர்டையே நினைத்து வளர்கிறார்கள். அவர்களுடைய பத்திரிகைகளின் பக்கங்களெல்லாம் ஃபோர்டு. அவர்களை ஈர்க்க வேண்டுமானால் சோதித்துத் தேறிய உதிரிப்பாகங்களை நாமே தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆலைகளின் வரலாற்றில் இது கவனிக்கத்தக்க ஆவணம். தன் பொருளைக் கழற்றி மாற்றுகிறவனைக் குறும்பனாகப் பார்க்காமல், கற்றுத் தரக்கூடியவனாகவும் வாடிக்கையாளனாகவும் ஓர் ஆலைக்குள் இருந்தே ஒருவர் பார்த்தார். 1955-இல் கார்வெட்டுக்கு வி-8 வந்தது. 1957-இல், டன்டோவின் பங்களிப்பும் கொண்ட ராம்ஜெட் என்ற அமைப்பு வந்தது. அதில் கார்புரேட்டரே இல்லை. ஒவ்வொரு சிலிண்டரின் வாசலிலும் தனித்தனி நுண்குழாய் பெட்ரோலைத் தூவியது. மேனிஃபோல்டுக்குள் துளிகள் ஓடவேண்டிய தேவையே ஒழிந்தது.

வெளிமூச்சு

இதுவரை எஞ்சினின் உள்மூச்சைப் பற்றியே பேசினோம். அக்கால இளைஞர்களும் அதைப் பற்றியே பேசினார்கள். வெளிமூச்சு எங்கே போகிறது என்ற கேள்வியை எழுப்பியவர்கள் வேறு சிலர். அவர்களும் அதே நிலப்பரப்பில்தான் இருந்தார்கள்.

1943 ஜூலை 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரை அடர்ந்த புகைமூட்டம் சூழ்ந்தது. கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. போர்க்காலம் ஆகையால் ஜப்பானியரின் இரசாயனத் தாக்குதலோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். நகரத்து இரசாயன ஆலை ஒன்றின் மீது பழி விழுந்தது. பின்னர் அதைக் கட்டுப்படுத்தியும் மூட்டம் தீரவில்லை. அருகிலுள்ள பாசடீனாவில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு வேதியியலாளர் அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த நுட்பத்தையே நகரத்துக் காற்றின் மீது திருப்பினார். எரியாமல் தப்பும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனையும் கண்ணெரிச்சலையும் உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். பழி கார்களின் மேல் வந்தது.

வறண்ட ஏரிப்படுகையில் ஓடிய சில ஆயிரம் வண்டிகளால் அந்த மூட்டம் எழவில்லை. ஆலையிலிருந்து வந்தபடியே ஓடிய இலட்சக்கணக்கான வண்டிகளால் எழுந்தது. இங்கே நம் கடைமடைக் கேள்வி மீண்டும் வருகிறது. ஆறு சிலிண்டர்களுக்குப் பங்கீடு சமமாக இல்லையென்றால், மிகக் குறைவாகப் பெறும் சிலிண்டரும் தவறாமல் எரிய வேண்டும் என்பதற்காகக் கார்புரேட்டரையே தாராளமாகத் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. கடைசி வயலுக்கு நீர் எட்ட வேண்டுமென்று தலைமடையை மூழ்கடிப்பது போன்ற ஏற்பாடு. மிகுதியாகப் பெற்ற சிலிண்டர்களில் எரியாமல் எஞ்சிய பெட்ரோல் நகரத்தின் காற்றில் கலந்தது. பங்கீட்டின் கோணலுக்கு விலை கொடுத்தவர்களில் கார் வைத்திராதவர்களும் இருந்தார்கள்.

பின்னர் சட்டங்கள் வந்தன. கலிபோர்னியாவில் 1966-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து புகைக்கு வரம்பு வந்தது. 1970-இல் அமெரிக்கா முழுமைக்குமான தூய காற்றுச் சட்டம் வந்தது. மாநிலத்தின் காற்று வள வாரியத்துக்கு ஹாகன்-ஸ்மித்தே முதல் தலைவரானார். 1975-ஆம் ஆண்டு மாதிரிகளில் வினையூக்கிக் கலன்கள் இடம்பெற்றன. பின்னாளில் வந்த மேம்பட்ட கலன்கள் 14.7 என்ற விகிதத்தை இம்மியும் பிசகாமல் வேண்டின. அந்தத் துல்லியத்தைக் கார்புரேட்டரால் தர முடியவில்லை. 1990-களின் முற்பகுதியோடு அமெரிக்கப் புதிய வாகனங்களிலிருந்து அது மறைந்தது. அதன் இடத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியே பெட்ரோல் தூவும் மின்னணு அமைப்பு அமர்ந்தது. ஏரிப்படுகை இளைஞன் வேகத்துக்காகக் கேட்ட சமப் பங்கைத்தான் வேதியியலாளர் காற்றுக்காகக் கேட்டார் என்பதை இரு தரப்பாரும் அக்காலத்தில் உணர்ந்ததாகத் தெரியவில்லை. இளைஞர்களின் கண்ணுக்கு அச்சட்டங்கள் தங்கள் கைகளைக் கட்ட வந்தவையாகவே தோன்றின. புதிய வண்டியின் மேனிஃபோல்டை விருப்பம்போல் மாற்றுவது அதன்பின் சட்டமீறலானதால், அந்த மனக்குறையையும் முற்றிலும் பொய் என்று தள்ள முடியாது. எவர் கையும் தொடக்கூடியதாக இருந்த ஓர் உறுப்பு, முத்திரையிட்ட பெட்டிக்குள் போயிற்று. காற்று தெளிந்தது, கற்கும் வாசல் ஒன்று அடைபட்டது. இரண்டையும் சேர்த்தே வரலாறு பதிய வேண்டும்.

1975-ஆம் ஆண்டு வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குக் கலிபோர்னியா அவ்வப்போதைய புகைச் சோதனையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. அதனால் பழைய செவ்ரொலே லாரிகளைப் பேணுவோர் இன்றும் இரட்டைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டுகளைத் தேடிப் பூட்டுகிறார்கள். இப்போது பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் பழைய ரப்பர் பாகங்களை அரிப்பதால், புதிய சிக்கல்களும் அவர்களுக்கு உண்டு. பூட்டிய பிறகு ஒரு வேலை எஞ்சியிருக்கும். ரப்பர் குழாய் ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயருகேயும் கொண்டுபோவார்கள். காற்று நுழையும் சீறல் ஒன்றில் உரக்கவும் மற்றொன்றில் மெலிந்தும் கேட்கும். திருகை இம்மியளவு திருப்பி, மறுபடியும் கேட்டு, எல்லாம் ஒரே சுருதிக்கு வரும்வரை மாறி மாறிச் செய்வார்கள்.